நீல லேபிள்

கண் பரிசோதனைக்கு உட்காருகிறவர்களிடம் அவர் கேட்பது ஒரே கேள்விதான். ஒரு கண்ணாடிச் சில்லைப் போட்டு, "இதா?" என்பார். அதை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டு, "இல்ல, இதா?" என்பார். பத்து தடவை இப்படி மாற்றி மாற்றிக் கேட்டால் யாருக்கும் பொறுமை போய்விடும். தறிக்குப் போகிற அவசரத்தில் வந்தவர், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட கிராமத்து ஆள், யாராவது ஒருவர் தினமும் சொல்லிவிடுவார்: "ரெண்டும் ஒண்ணுதான் அண்ணாச்சி."

அந்த வார்த்தை மட்டும் அவருக்கு ஆகாது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

"ரெண்டு பொருள் எப்படிய்யா ஒண்ணா இருக்கும்? நிதானமாப் பாரும். நான் எங்கயும் ஓடிரல."

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவருடைய கண்ணாடிக்கடையும் என் ஜெராக்ஸ் கடையும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டிருந்தன. ஊரே அவரைக் கண்ணாடிக்கடை அண்ணாச்சி என்றது, நானும் அப்படித்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்றாலும் என்னை 'வே' போட்டுத்தான் பேசுவார். அதில் ஒரு நெருக்கம் இருந்தது.

நான் கடை போட்ட புதிதில் ஒரு ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க வந்தார். எடுத்துக் கொடுத்தேன். அசலையும் நகலையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உம்ம மிஷின் எழுத்தை லேசா இடது பக்கம் சாய்க்குது வே."

"எல்லாரும் வாங்கிட்டுத்தான போறாவ அண்ணாச்சி. யாரும் ஒண்ணும் சொல்லல."

"நான் குறை சொல்லலய்யா. சாயுதுன்னு சொன்னேன். சாஞ்சா என்ன, அழகாத்தான் இருக்கு."

அதுதான் அவர். வித்தியாசத்தைக் கண்டுபிடித்தால் போதும், அதைச் சரிசெய்ய வேண்டும் என்று நினைக்கமாட்டார். ஒரே கொதியில் ஆற்றிய இரண்டு டீயில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். தெருவில் ஒரு ஜவுளிக்கடைக்காரருக்கு இரட்டைப் பெண்பிள்ளைகள். பெற்ற தாயே சில நேரம் மாற்றிக் கூப்பிட்டுவிடுவாள். இரண்டு பேரும் கண்ணாடி போட வந்தபோது வேண்டுமென்றே இடம் மாறி உட்கார்ந்து அவரை ஏமாற்றப் பார்த்தார்கள். அவர் இரண்டு கண்ணாடிகளையும் எடுத்து யாருக்கு எதுவோ அவரவர் மூக்கில் மாட்டிவிட்டார். அதில் ஒருத்தி இப்போது கோயமுத்தூரில் வேலை பார்க்கிறாள். போன திருவிழாவுக்கு வந்திருந்தபோது என் கடை முன்னால் நின்று பூட்டிக் கிடந்த பக்கத்துக் கடையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இந்த ஊர்ல எங்களை 'ரெட்டைப் பிள்ளைக'ன்னு சொல்லாத ஒரே ஆள் அவுகதான்."

இவ்வளவும் சொல்வது அவருடைய இசைத்தட்டுகளைப் பற்றிச் சொல்லத்தான்.

அவரிடம் ஒரு பாட்டு இருந்தது. ஒன்றே ஒன்று. வெளிநாட்டு ராக் பாட்டு, மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கிடார் அலறும், டிரம்ஸ் அதைத் துரத்தும், நடுவில் ஒருவன் தொண்டை கிழியக் கத்துவான். பாளையங்கோட்டையில் படித்தபோது ஹாஸ்டலில் யாரோ போட்டுக் கேட்டாராம். அந்தப் பாட்டு வந்த சின்ன ரெக்கார்டு, உள்ளங்கையை விரித்தால் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த அளவுத் தட்டு, அவரிடம் நாற்பதுக்கு மேல் இருந்தது. அத்தனையும் அதே பாட்டு.

மதினி, அதாவது அவர் மனைவி, பட்டுச்சேலை வைக்க ஆசைப்பட்டு வாங்கிய ஸ்டீல் பீரோவில் பாதியை அந்தத் தட்டுகள் பிடித்துக்கொண்டன. "ஒரே பாட்டுக்கு எதுக்குத் தம்பி இம்புட்டுத் தட்டு? ஒரே வசனத்தை நாப்பது பைபிள்ல படிச்சா நாப்பது ஆசீர்வாதமா கிடைக்கும்?" என்று என்னிடம்தான் முறையிடுவார்.

நானும் அண்ணாச்சியிடம் கேட்டிருக்கிறேன். மத்தியானம் ஆள் வராத நேரத்தில் கண்ணாடிச் சட்டங்கள் அடுக்கிய கவுண்டருக்குப் பின்னால் ஒரு சின்ன ரெக்கார்டு பிளேயரை வைத்துப் போடுவார். பின் தெருவிலிருந்து தறிச் சத்தம் வந்துகொண்டே இருக்கும். அதோடு போட்டி போட்டுக்கொண்டு அந்தப் பாட்டு.

"இது இலங்கையில அடிச்சது. இது பம்பாய்க் கடைக்குன்னு அடிச்சது. லேபிள்ல சிவப்பைப் பாரும், இதுல கொஞ்சம் காவி கலந்திருக்கு. இதுல பாடினவன் பேர்ல ஒரு எழுத்து விட்டுப்போச்சு. இதுல பாட்டு ஒரு பக்கம், பேர் மறுபக்கம், மாத்தி ஒட்டிட்டான்."

"பாட்டு ஒண்ணுதான அண்ணாச்சி?"

"அடிச்ச கை வேற, அடிச்ச நாள் வேற, அன்னைக்கு அவன் வீட்டுல என்ன சண்டையோ அதுவும் வேற. பொறவு எப்படி வே ஒண்ணாகும்?"

இதைத் தேடி அலைகிற கூட்டம் உலகம் முழுக்க இருக்கிறது என்பது அவர் போனைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு வாட்ஸ்அப் குழு. சென்னை, கல்கத்தா, கொழும்பு, லண்டன் என்று எங்கெங்கோ இருக்கிறவர்கள். யாருக்காவது புதிதாக ஒரு வகை கிடைத்துவிட்டால் படம் போடுவார்கள். மற்றவர்கள் வாழ்த்துவார்கள், வயிறெரிவார்கள். இவர் படம் போட்டால் எதிர்க்கேள்வி வராது. "சங்கரன்கோவில் சொன்னால் சரி" என்று லண்டன்காரர் ஒருவர் எழுதியதை என்னிடம் காட்டினார். காட்டிவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார்.

அந்தக் குழுவில் எல்லோரும் தேடிக்கொண்டிருந்தது ஒரு தட்டை. நம் நாட்டில் அந்தப் பாட்டை முதன்முதலில் அச்சடித்தபோது வேறு ஒரு ஒலிநாடா கைமாறி வந்துவிட்டதாம். வழக்கமான தட்டில் பாட்டு கடைசியில் மெல்ல மெல்லத் தேய்ந்து மறைந்துபோகும். கைமாறி வந்த நாடாவில் தேயாது. முழுக்கப் பாடி முடித்து, ஒரு மூச்சு இடைவெளி விட்டு, டிரம்ஸில் டம் டம் என்று இரண்டு அடியோடு நிற்கும். தவறு தெரிந்ததும் நிறுத்திவிட்டு லேபிளையும் மாற்றிவிட்டார்கள். அதற்குள் வெளியே போனவை கொஞ்சம். அவற்றில் மட்டும் லேபிள் நீலம். பார்த்ததாகச் சொல்கிறவர்கள் உண்டு, வைத்திருக்கிறவர் யாரும் இல்லை.

அண்ணாச்சி கிராமங்களில் கண் முகாம் போடுவார். பள்ளிக்கூடம், சர்ச், ஊர்ப் பொதுக்கட்டடம், எங்கே இடம் கொடுத்தாலும் போவார். முகாம் முடிந்ததும் கூட்டத்தில், "யார் வீட்டுலயாவது பழைய ரெக்கார்டு கிடக்கா?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் பெட்டியை மூடுவார். பனவடலிசத்திரத்தில் ஒருவர் பக்திப்பாட்டுத் தட்டுகளை ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல மனமில்லாமல் வாங்கி வந்து, அதற்கும் மதினியிடம் திட்டு வாங்கினார்.

மேலநீலிதநல்லூர் சர்ச்சில் முகாம் போட்ட அன்று ஒரு அம்மா வந்தார். பக்கத்துப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும், ஆனால் அவரால் வர முடியாது என்றார். அண்ணாச்சி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே போனார்.

கணவர் கப்பல் எஞ்சினில் வேலை பார்த்தவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போய்விட்டது. வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் அவர் சொன்னதைக் கேட்கும். "இதா, இதா?" என்று அண்ணாச்சி கேட்க, முதலாவது என்றால் ஒரு தடவையும், இரண்டாவது என்றால் இரண்டு தடவையும் கட்டில் சட்டத்தில் தட்டினாராம். "ஒரு தடவைகூட ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லல வே" என்று அண்ணாச்சி என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

அந்தக் கட்டில் பக்கத்தில் ஒரு பழைய ரெக்கார்டு பிளேயர். அதன்மேல் உறையில்லாமல் ஒரு சின்னத் தட்டு. லேபிள் நீலம்.

அண்ணாச்சி ஒளித்து எதுவும் செய்யவில்லை. அந்த அம்மாவிடம், இது கிடைக்காத பொருள், நல்ல விலை போகும் என்று உள்ளதைச் சொன்னார். "விலைக்கு விக்கிற பொருளா அது? கல்யாணத்துக்கு முந்தி பம்பாய்ல கப்பல் ஏறும்போது வாங்கினாவ. தினமும் சாயந்தரம் போடச் சொல்லி விரலைக் காட்டுவாவ. ஆனா ரொம்பக் கீறிட்டு, நடுவுல கரகரங்குது" என்றாராம் அந்த அம்மா. அண்ணாச்சியிடம் கீறலே இல்லாத தட்டு ஒன்று இருந்தது, சாதாரண சிவப்பு லேபிள். அதைக் கொடுத்து இதை வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டார். அதே பாட்டு, சத்தம் சுத்தமாக இருக்கும் என்றால் அவர்களுக்கும் நல்லதுதானே. அந்த அம்மா சந்தோஷமாகச் சம்மதித்தார். மறுநாளே தட்டு கைமாறியது.

அன்று எங்கள் வரிசைக் கடைகள் எல்லாவற்றுக்கும் அல்வா வந்தது. எதற்கு என்று யாருக்கும் தெரியாது. அண்ணாச்சி மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கும் என்று டீக்கடைக்காரர் நினைத்துக்கொண்டார். அண்ணாச்சி நீல லேபிளைப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். தட்டில் கீறல் அதிகம், பிளேயருக்கு நல்ல ஊசி ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன், வந்ததும் பாட வைத்துக் காட்டுகிறேன் என்று எழுதினார். போன் அன்று முழுக்கக் கதறியது. அவர் சாப்பிடக்கூட வீட்டுக்குப் போகவில்லை.

அடுத்த வாரம் அந்த அம்மா மஞ்சள் பையோடு கடைக்கு வந்தார். வெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்த களைப்பு. நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். பையிலிருந்து சிவப்பு லேபிள் தட்டை எடுத்துக் கவுண்டர்மேல் வைத்தார்.

"தப்பா நினைக்காதீங்க. உங்க தட்டு நல்லாத்தான் பாடுது. ஆனா இது வேண்டாம்."

"ஏம்மா, கீறல் ஏதும் இருக்கா?"

"கீறல்லாம் இல்ல. கடைசியில அந்த ரெண்டு அடி வரல." அந்த அம்மாவின் குரல் தணிந்துபோனது. "அந்த அடி வரும்போது அவுகளும் சேந்து கட்டில்ல தட்டுவாவ. தினமும் அதுக்குத்தான் காத்துக் கெடப்பாவ. இதுல பாட்டு தேஞ்சு தேஞ்சு நின்னுபோகுது. அவுக விரலைத் தூக்கிட்டு அப்படியே இருக்காவ. நான் எடுத்து மடக்கி வைக்குத வரைக்கும் கீழ எறக்க மாட்டேங்காவ. ரெண்டு நாளாச் சோறும் சரியா எறங்கல."

அண்ணாச்சி கவுண்டர்மேல் கிடந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அப்படி ஒரு விரல் காத்திருக்கும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றாமல் போயிருக்கிறது. எழுந்து கடையின் பாதி ஷட்டரை இறக்கினார்.

"வே, வண்டியை எடும்."

வீட்டுக்குப் போய் பீரோவிலிருந்து நீல லேபிளை எடுத்து, ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு என் பின்னால் உட்கார்ந்தார். அந்த அம்மாவை ஆட்டோவில் ஏற்றிவிட்டோம். வழியில் பள்ளத்தில் வண்டி குதித்தபோது மட்டும், "மெதுவா" என்றார்.

அவர்கள் வீட்டில் கணவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா தட்டைப் போட்டார். நான் எத்தனையோ முறை கேட்ட பாட்டுதான், இப்போது கரகரவென்று. கத்தல் ஓய்ந்தது, கிடார் ஓய்ந்தது. விரல் மேலே எழுந்தது. ஒரு மூச்சு இடைவெளி. டம், டம். கட்டில் சட்டத்தில் டொக், டொக். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. அந்த அம்மா முந்தானையால் அவர் வாயோரம் துடைத்துவிட்டார்.

அண்ணாச்சி எழுந்து வெளியே போய்விட்டார். நான் போய்ப் பார்த்தபோது வேப்பமரத்தடியில் நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

குழுவில் கேள்விகள் ஆரம்பித்தன. ஊசி வந்ததா? எப்போது பாட வைத்துக் காட்டுவீர்கள்? அண்ணாச்சி கொஞ்ச நாள் மழுப்பினார். பிறகு, தட்டு இப்போது என்னிடம் இல்லை என்று எழுதினார். விற்றுவிட்டீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றார். அப்படியானால் எங்கே என்றார்கள். அதற்குப் பதில் இல்லை. கல்கத்தாக்காரர் ஒருவர், சிவப்பு லேபிளைக் கம்ப்யூட்டரில் நீலமாக்கியிருக்கிறார் என்று எழுதினார். இன்னொருவர் ஆமாம் என்றார். சங்கரன்கோவில் சொன்னால் சரி என்று எழுதிய அதே லண்டன்காரர், வயதான காலத்தில் இப்படி ஒரு ஆசை வேண்டாமே என்று எழுதினார். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். ஒரு நாள் காலையில் அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

எனக்குத்தான் ஆத்திரம். "ஒரு நிமிஷ வேலை அண்ணாச்சி. அங்கன போயி அந்தம்மா வீட்டுல வச்சே வீடியோ எடுத்துப் போடுவோம். அத்தனை பேர் வாயும் அடைஞ்சிரும்."

"போட்டா?"

"நம்புவானுவ."

"நம்பிட்டு? எங்கன இருக்குன்னு தேடி வருவான். இங்கேருந்து அந்த வீட்டைக் கண்டுபிடிக்க எம்புட்டு நேரம் ஆகும்? அந்தம்மா நல்ல மனசுக்காரி வே. யாராவது ஒருத்தன் பக்குவமாக் கேட்டா கொடுத்திருவாவ. நான் கேட்டேன், கொடுத்தாவல்லா?"

அதன்பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மத்தியானப் பாட்டும் குறைந்துபோனது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மேலநீலிதநல்லூருக்குப் போய்வருவார். கண் பார்க்கப் போகிறேன் என்பார். நானும் ஒன்றிரண்டு தடவை கூடப் போயிருக்கிறேன்.

போன வருடம் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார். மேலநீலிதநல்லூருக்கு நான்தான் போய்ச் சொன்னேன். அந்த அம்மா கட்டிலருகில் குனிந்து கணவர் காதில் சொன்னார். அவர் அன்று பாட்டுப் போடச் சொல்லி விரலைக் காட்டவில்லையாம்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் பெங்களூரிலிருந்து ஒரு இளைஞர் என் கடைக்கு வந்தார். சென்னைப் பையன், வேலை அங்கே. பக்கத்துக் கடைக்காரர் என்று கேள்விப்பட்டு வந்ததாகச் சொன்னார். அந்தக் குழுவில் இருந்தவராம். மதினி வீட்டுக்கு அழைத்துப் போனேன். அண்ணாச்சியின் படத்தைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார், தொட்ட விதத்திலேயே விஷயம் தெரிந்தவர் என்று தெரிந்தது.

பிறகு சொன்னார்: "ஆன்ட்டி, சாரை எல்லாரும் பொய்யர்னு சொன்னாங்க. நான் நம்பலை. அந்தப் படத்தை எத்தனையோ தடவை பெரிசு பண்ணிப் பார்த்துட்டேன். அது நிஜம். எனக்கு அது வேணாம், விலைக்கும் கேக்கலை. எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. ஒரே ஒரு போட்டோ எடுத்து, அவர் சொன்னது உண்மைன்னு எழுதிடறேன். அவர் பேரு சுத்தமாகணும்."

அவர் கண்ணில் கள்ளம் இல்லை. எத்தனை நாள் நான் காத்திருந்த வார்த்தை அது. சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. மதினியைப் பார்த்தேன். தட்டுகளை ஒரு நாளும் பொருட்படுத்தாத மதினி, பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்திவைத்துவிட்டுச் சொன்னார்:

"நீங்க நல்ல பிள்ளை தம்பி. ஆனா அது பொய்தான். இவுக விளையாட்டுக்குச் செஞ்சது. நீலப் பேப்பரை வட்டமா வெட்டிக் கொடுத்ததே நான்தான்."

இளைஞர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. மதினி அவருக்கு இலங்கைத் தட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வேண்டாம் என்றவர், வற்புறுத்தியதும் வாங்கிக்கொண்டார். வாசல்வரை போய் வழியனுப்பினோம். ஆட்டோ தெரு முனை திரும்புகிற வரைக்கும் மதினி கையாட்டிக்கொண்டிருந்தார்.

உள்ளே வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதார். அண்ணாச்சி எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருக்கிறார், எனக்குத்தான் அது தெரியாமல் இருந்திருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய் பீரோவின் உள் அறையைத் திறந்து, பிரிக்காத ஒரு சின்ன டப்பாவை எடுத்துவந்தார். உள்ளே ரெக்கார்டு பிளேயருக்கான ஊசி.

"இதை இவுக அங்க கொடுக்கத்தான் வாங்கி வச்சிருந்தாவ. வாங்கின வாரமே போயிட்டாவ, கொண்டுபோக நாள் கிடைக்கல. அங்கன பழைய ஊசி தேஞ்சு போயிருக்கும் தம்பி. இன்னைக்கே போயி மாட்டிக் கொடுத்துட்டு வந்திருங்க. சாயந்தரம் பாட்டுப் போடுவாவல்லா."

டப்பாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.